புள்ளி இருக்கும் பக்கம்

பழைய வண்டிகளைச் சரிசெய்யும் நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று கடை முதலாளி பாயின் மகன் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வார்த்தை வராது. என் கல்யாணத்திலேயே வந்தவர்களை வாங்க என்று கூப்பிட என் தம்பியைத்தான் முன்னால் நிறுத்தினேன். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதியது இது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சீட் எப்படித் தைப்பது, கூரைத் துணியைச் சுருக்கம் விழாமல் எப்படி ஒட்டுவது, கதவு அட்டையை எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைக் கை தானே கற்றுக்கொள்ளும். முழங்கால் போய் நான் வேலையை விட்ட பிறகும் என்னை விடாத ஒரு விஷயம் இருக்கிறது. அது ஒரு பட்டன்.

பழைய வண்டிகளில் தரைக்கு ரப்பர் மேட் போட்டிருப்பார்கள். அது நழுவாமல் இருக்க ஓரங்களில் பித்தளை பட்டன் இருக்கும். தரையில் ஒரு குமிழ், மேட்டில் ஒரு மூடி. மூடியைக் குமிழின் மேல் வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். சட்டையில் வைக்கும் டிச் பட்டன் மாதிரி எந்தப் பக்கம் இழுத்தாலும் வந்துவிடாது. மூடியின் ஒரு ஓரத்தில் சின்ன மேடாக ஒரு புள்ளி இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து தூக்கினால் மட்டும்தான் கழலும். மற்ற மூன்று பக்கமும் பிடித்தது பிடித்தபடி இருக்கும். அது தெரியாமல் பலத்தைக் காட்டி இழுத்தால் மூடியின் பற்கள் விரிந்து, ரப்பரும் கிழியும். திரும்ப வைத்தால் பார்வைக்கு மாட்டியது போல இருக்கும். பிடிக்காது.

இது மட்டும் நினைவில் இருக்கட்டும். மீதியைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். நம் கடை அப்போது சிவாஜிநகர் பக்கம், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. நான் குடியிருந்தது விவேக் நகரில். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி. அந்த வீட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்பக்கம் உருண்டையாக, தவளை மாதிரி இருக்கும். காலையில் ரொட்டி ஏற்றிப் போகும். வருஷத்துக்கு ஒரு நாள், கிறிஸ்தவக் கோயில் திருவிழாவில், பூ அலங்காரத்தோடு சுரூபத்தை, அதாவது சாமி சிலையை, தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வரும். அந்த ஏரியாவில் அந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது. அதை ஓட்டுகிற சவரிமுத்துவைத் தெரியாதவரும் கிடையாது.

ஒரு வருஷம் திருவிழாவுக்கு முந்தின நாள், அலங்காரம் செய்வதற்காக சவரிமுத்து வண்டியை முற்றத்துக்குள் கொண்டுவந்தார். பேக்கரி முதலாளி சுவர் ஓரமாக நின்று, வா வா என்று கை காட்டிக்கொண்டிருந்தார். வண்டி நிற்கவில்லை. முதலாளி சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போயிற்று.

பிரேக் மிதித்தேன், இறங்கவில்லை என்றார் சவரிமுத்து. மெக்கானிக் வந்து பார்த்தார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னது. கால் மாறிப்போச்சு. பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார் என்று அர்த்தம். குடும்பத்தார் கேஸை இழுக்கவில்லை. ஆனால் முதலாளியின் மகன் ஸ்டீபன் அதற்குப் பிறகு சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. கோயிலில் ஒருவர் வலது பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் இடது பக்கம் போவார்.

சவரிமுத்து அதோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் மூட்டை கட்டுகிற வேலைக்குப் போனார். அதுவும் நடந்துதான். வெயிலானாலும் மழையானாலும் பஸ் ஏறமாட்டார். ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் போனால் பையன்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணே, பாத்து நடங்க, கால் மாறிடப் போவுது" என்பார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். கொஞ்ச நாளில் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. யாராவது கேட்டால், "ஆமா, கால் மாறிடுச்சு" என்று அவரே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

வண்டி அன்றிலிருந்து ஷெட்டிலேயே கிடந்தது. பல வருஷம் கழித்து ஸ்டீபன் அதை நம் கடைக்கு இழுத்துவந்தார். அப்பா இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும், வருகிற திருவிழாவில் சுரூபம் மறுபடியும் இந்த வண்டியில்தான் வர வேண்டும், தானே ஓட்டப்போகிறேன் என்றார். பாய் தகர வேலையையும் பெயிண்டையும் எடுத்துக்கொண்டார். இன்ஜினும் பிரேக்கும் நம் கடை மெக்கானிக் கெம்பண்ணாவிடம் போனது. உள்வேலை என்னிடம் வந்தது.

முதல் நாள் ஸ்டீபன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். எனக்கு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆனால் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தானாகவே பேசினார்.

"அன்னைக்கு இந்த வண்டிய நான்தான் கழுவுனேன் மணி. காலேஜ் லீவு. மேட்டக்கூட விடல. வெளிய எடுத்துப் போட்டு சோப்பு போட்டுத் தேச்சேன். அப்பா பாத்துட்டுச் சிரிச்சாரு. அதான் நான் கடைசியா பாத்த சிரிப்பு."

நான் தலையை ஆட்டினேன். அவர் பேச்சோடு பேச்சாக, கிளீனர் பக்கத்து மேட்டைத் தூக்குவதற்காக அதன் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அது வரவில்லை. மறுபடி காலை ஊன்றி இழுக்கப் போனார்.

"சார், அந்தப் பக்கம் இல்ல. புள்ளி இருக்கிற பக்கமா தூக்குங்க."

"எனக்கு இது எப்பவும் இழுத்தாத்தான் வரும். சவரி அண்ணனும் இதுக்குத்தான் கத்துவாரு" என்று சிரித்தார். அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போல. சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

டிரைவர் பக்கத்து மேட் வண்டியின் பின்பக்கம் சுருட்டிக் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். பெடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு மூடியும் பல் விரிந்து, சுற்றிலும் ரப்பர் கிழிந்திருந்தது. யாரோ தெரியாதவன் இழுத்திருக்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஸ்டீபன் கொஞ்சம் முன்னால் என் கண் எதிரே அதே மாதிரி இழுத்ததையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நம் வேலையில் கிழிந்ததைப் பார்த்தால் எதை வைத்துத் தைக்கலாம் என்றுதான் புத்தி போகும். ஏன் கிழிந்தது என்று போகாது.

பழைய மேட்டை அச்சாக வைத்துப் புது ரப்பர் வெட்டினேன். பட்டன்தான் கிடைக்கவில்லை. சிவாஜிநகர் முழுக்க அலைந்தேன். பை தைக்கிற கடையில் இருந்தது பலமில்லாதது. பழைய இரும்புக் கடையில் ஒருவர், இது எந்தக் காலத்துப் பொருள், மியூசியத்தில் கேள் என்று கிண்டல் செய்தார். கடைசியில் டென்ட், தார்ப்பாய் தைக்கிற ஒருவர் உடைந்த டப்பா ஒன்றைக் கொட்டிக் காட்டினார். அதில் இருந்தது. புள்ளியோடு, பித்தளையில், அதே அளவு.

நான் பட்டன் தேடிப் போயிருந்த அந்த வேளையில்தான் கடையில் அது நடந்தது.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புது மேட்டை நான் தரையில் சும்மா விரித்துவிட்டுப் போயிருந்தேன். பட்டன் இல்லை. நம் கடையில் எல்லோரும் செய்வதுதான். அவரவர் வேலையை அவரவர் பாதியில் வைத்துவிட்டுப் போவோம். அடுத்தவர் வந்து தம் வேலையைச் செய்வார். அன்று கெம்பண்ணா இன்ஜினை முடித்திருந்தார். வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்துப் பார்க்கலாம் என்று பாய் ஏறி உட்கார்ந்தார்.

நான் திரும்பி வந்து கேட்டுக்குள் நுழையும்போது வண்டி மெதுவாக முன்னால் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் டிரம்மை நசுக்கிக்கொண்டு சுவரில் முட்டித்தான் நின்றது. டிரம் பக்கத்தில் நின்றிருந்த பெயிண்டர் கடைசி நொடியில் தாவிக் குதித்தார். அவர் அன்று குதிக்காமல் இருந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பாய் இறங்கினார். முகத்தில் ரத்தம் இல்லை. "பிரேக் புடிக்கல" என்றார்.

கெம்பண்ணா ஓடிவந்து கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பிரேக் பார்க்கிறவர் முதலில் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். கைக்குத் தடையாக இருக்கிற மேட்டை உருவி வெளியே எறிவார். அவர் எறிவதற்குக் கண் மூடித் திறக்கும் நேரம் முன்னால் நான் பக்கத்தில் வந்துவிட்டேன். மேட் முன்னால் நழுவி, மடிந்து, பிரேக் பெடலுக்குக் கீழே மூட்டை மாதிரி நின்றிருந்தது. அதைத்தான் அவர் உருவி எறிந்தார். பிறகு பெடலைக் கையால் அழுத்தினார். அது அழகாக இறங்கியது.

"பிரேக் சென்னாகிதே பாய்" என்றார். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று.

"நான் மிதிச்சது பிரேக்தான் கெம்பண்ணா."

"வயசாச்சில்ல பாய். கால் மாறிருக்கும்" என்று அவர் சிரித்தார். பயம் போகட்டும் என்று சொன்ன வார்த்தைதான். கெட்ட எண்ணம் இல்லை.

பாய் சிரிக்கவில்லை. தன் வலது காலையே குனிந்து பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கே தன் கால் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதே பார்வையை நான் தினமும் எங்கள் தெருவில் சவரிமுத்துவிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே கிடந்த புது மேட்டை எடுத்தேன். மடிந்த இடத்தில் பெடல் தண்டு அழுத்திய வட்டமான வடு, சூடு போட்ட மாதிரி பதிந்திருந்தது. உள்ளே போய்ப் பழைய மேட்டை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தேன். அதே இடத்தில் மடிப்பு. அதே இடத்தில் வட்டம். வருஷக்கணக்காகச் சுருட்டி வைத்திருந்ததில் காய்ந்து, அழியாமல் இருந்தது.

அப்போதுதான் எனக்குக் கிழிந்த மூடிகளும், ஸ்டீபன் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததும், சோப்பு போட்டுத் தேய்த்தேன் என்று சொன்னதும் ஒன்றாக ஞாபகம் வந்தது.

உங்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று தப்பாகப் போய்விட்டால், முதலில் எதையும் எடுக்காதீர்கள். எது எங்கே எப்படிக் கிடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். சவரிமுத்துவின் காலத்திலும் அந்த மெக்கானிக் மேட்டை உருவித் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் பிரேக்கைச் சோதித்திருப்பார். குற்றவாளியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை செய்தது போல ஆயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

பாயைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு மேட்டையும் காட்டினேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. விரலால் காட்டினேன். அவர் கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். ஸ்டீபன் கழுவியதையும் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தாடியைத் தடவினார்.

"நானும் சொல்லிருக்கேன்டா, கால் மாறி சவரின்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லிருக்கேன்" என்றார். பிறகு, "சவரிகிட்ட போய்ச் சொல்லு. அந்தப் புள்ளகிட்ட சொல்லாத" என்றார்.

ஏன் என்பது போலப் பார்த்தேன்.

"அவனுக்கு அப்பன் ஒரு தடவ செத்தது போதும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மேட்டைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேரியரில் இருப்பது என்ன என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவன், எல்லாம் மறந்துபோய், வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நீங்க மிதிச்சது பிரேக்தான்."

அவர் நின்றார். "யாரு சொல்லி அனுப்புனாங்க உன்ன?"

"யாரும் அனுப்பல."

மேட்டை விரித்து, பாய்க்கு நடந்ததைச் சொன்னேன். வட்ட வடுவைக் காட்டினேன். அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து கட்டைவிரலை அந்த வட்டத்தில் வைத்தார். மறுபடி சொல்லு என்றார். சொன்னேன். இன்னொரு தடவை என்றார். அதையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. திருடு போன பொருள் உடைந்து திரும்பக் கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

அவர் விரல் கிழிந்த மூடிக்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"நான் கழட்டினா இப்படிக் கிழியாது தம்பி."

"தெரியும்ணே."

அன்று வண்டியைக் கழுவியது யார் என்று அவருக்கும் தெரியும். அவர் உள்ளே பார்த்து, "லூர்து, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இவகிட்ட மட்டும் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. நானே எனக்கு எதிரா எத்தன தடவ சொல்லிருக்கேன்" என்றார்.

லூர்தம்மா ஈரக்கையோடு வந்து நின்றார். பெண்களிடம் பேசுவது எனக்கு இன்னும் கஷ்டம். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, மேட்டையும் பார்க்கவில்லை. புருஷனின் வலது பாதத்தைப் பார்த்தார்.

"அப்ப கால் பிரேக்லதான் இருந்திருக்கு" என்றார்.

கொஞ்சம் கழித்து, "பட்டன யாரு பிச்சது?" என்று கேட்டார்.

"பழசு. தானா பிஞ்சிருக்கு" என்றார் சவரிமுத்து, என்னை முந்திக்கொண்டு.

கிளம்பும்போது தெருமுனை வரை கூட வந்தார். மேட் இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஸ்டீபனுக்கு இது தெரிய வேணாம். நான் இனிமே வண்டியா ஓட்டப்போறேன்? அந்தப் புள்ள கோவப்படுறதுக்கு நான் ஒருத்தனாவது இருக்கேன். இது தெரிஞ்சா அது யாரப் போய்க் கோவிக்கும்?"

சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றுதான் அதற்கு அர்த்தம்.

புது மேட்டுக்குப் பட்டன் வைத்தேன். குதிகால் இழுக்கும்போது புள்ளிப் பக்கம் தூக்கிக்கொள்ளாதபடி திருப்பி வைத்து, ஒவ்வொன்றையும் டக் சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். பிறகு செருப்போடு ஏறி உட்கார்ந்து, என் பலம் முழுக்கக் கொடுத்து மேட்டை முன்னால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நான் அதற்கு முன்னால் எந்த வண்டிக்கும் அப்படிச் செய்ததில்லை. அதற்குப் பிறகு செய்யாமல் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை.

திருவிழா நெருங்கியது. வண்டியை எடுத்துப்போக ஸ்டீபன் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாய் உள்ளே போய்விட்டார், வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன். சாவியைக் கொடுக்க நான் மட்டும் நின்றேன்.

எனக்கு மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இவர் ஜனக்கூட்டத்துக்கு நடுவில் இந்த வண்டியை ஓட்டப்போகிறார். முன்னால் குழந்தைகள் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அடுத்த வருஷமும் இவர்தான் வண்டியைக் கழுவுவார். புள்ளி இல்லாத பக்கமாகத்தான் இழுப்பார். வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் சவரிமுத்துவுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் என்றாவது ஒரு நாள் வேறு யாராவது ஒருவர் சுவர் ஓரமாகக் கை காட்டிக்கொண்டு நிற்பார்.

வேலையைப் பற்றி மட்டும் சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

"சார், மேட்டக் கழட்டுனா புள்ளி இருக்கிற பக்கமா மட்டும் தூக்குங்க. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பட்டனும் புடிச்சிருக்கான்னு கைய வச்சுப் பாருங்க. கிழிஞ்சிருந்தா மேட்டே போடாதீங்க. வெறும் தரையில ஓட்டுங்க."

"இவ்வளவு பேசுவியா மணி நீ?" என்று சிரித்தார். "ஏன், புடிக்கலன்னா என்ன?"

"நழுவும்."

"நழுவுனா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். இன்றைக்கும் வேறு பதில் கிடைக்கவில்லை.

"பிரேக்குக்குக் கீழ போய் மடங்கும் சார். பெடல் இறங்காது."

அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். பிரேக்கை ஒரு தடவை மிதித்தார். மறுபடி மிதித்தார். குனிந்து ஒரு பட்டனைப் புள்ளிப் பக்கமாகத் தூக்கி, திரும்ப அழுத்தினார். டக் என்றது. நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"பழைய மேட் எங்க?"

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் இதோடு முடிந்துவிடும். இவர் நிம்மதியாகப் போவார். சவரிமுத்து கேட்டுக்கொண்டதும் அதுதான். ஆனால் அந்த மனுஷனின் கால் மட்டும் கடைசிவரை ஊரார் சொன்ன இடத்திலேயே இருக்கும். கேட்காமல் நானாகப் போய்ச் சொல்வது வேறு. நேருக்கு நேர் கேட்கிறவரிடம் பொய் சொல்லி அந்தக் காலை மறுபடியும் ஆக்ஸிலேட்டர் மேல் வைப்பது வேறு.

"சவரி அண்ணன் வீட்ல இருக்கு சார்" என்றேன்.

ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. இறங்கினார். சாவியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்து போனார். மறுநாள் வேறு யாரோ வந்து வண்டியை ஓட்டிப்போனார்கள்.

அந்தத் திருவிழாவில் சுரூபம் அந்த வண்டியில் வரவில்லை. ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள். சவரிமுத்து எப்போதும் போலக் கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்தார். ஸ்டீபனை நான் பார்க்கவில்லை. கொஞ்ச மாதத்தில் வண்டி வைட்ஃபீல்ட் பக்கம், பழைய வண்டிகளைச் சேர்க்கிற ஒருவருக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

ஸ்டீபன் சவரிமுத்துவைப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் அந்த வரிசை வீடுகளின் முனையில், கையில் ரொட்டிப் பையோடு அவர் நிற்பதைப் பார்த்தேன். நான் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் போய்விட்டிருந்தார்.

சவரிமுத்து என்னை ஒரு தடவை நிறுத்தினார். "சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"மேட் எங்கன்னு கேட்டாரு. உங்க வீட்ல இருக்குன்னேன்."

அவர் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி. நின்று பேசமாட்டார். ஆனால் ஒரு மழை நாளில் அவரை பஸ்ஸில் பார்த்தேன். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் செய்தது சரியா என்று உங்களில் யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். ஒருவரின் பாரத்தை எடுத்து இன்னொருவர் மேல் வைத்தேன், அவ்வளவுதான் நடந்தது. முதல் ஆளுக்கும் முழுதாக இறங்கவில்லை. ஆனால் பட்டன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரைகுறையாக விரித்த மேட்டை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். போக வேண்டியிருந்தால் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியை எடுத்துப்போகிறவருக்குப் புள்ளி எந்தப் பக்கம் என்று அவர் கையாலேயே தொட வைத்துக் காட்டுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கூச்சம் எனக்கு இருந்தது போதும்.

சில வருஷம் கழித்து சவரிமுத்து தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் பாயும் போயிருந்தோம். பெட்டியை மூடும் நேரத்தில் ஸ்டீபன் வந்தார். தலை நரைத்திருந்தது. கூட்டம் கொஞ்சம் விலகியது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். தலைமாட்டில் சொந்தக்காரர்கள் பிடித்தார்கள். ஸ்டீபன் நேராகக் கால்மாட்டுக்குப் போனார். அங்கே லூர்தம்மா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து யார் என்று பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, அவர் நிற்பதற்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.